எழுத்தைக் கரை சேர்த்தவர்

திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பை எழுதப் புகுந்தோர் யாவரும் அதன் ஆழத்தையும், சூழ நிற்கும் குன்றுகளின் அரணையும், உள்ளே அலையடங்கிக் கிடக்கும் நீர்ப்பரப்பையுமே எடுத்தோதுவர். அவையெல்லாம் இயற்கை அளித்த கொடை. ஆயினும் ஒரு துறைமுகத்துக்கு உண்மையான பெருமை எப்பொழுது உண்டாகிறது? எந்த நாட்டுத் தச்சன் கட்டிய கலமாயினும் அங்கே வந்து நங்கூரமிடவும், கொண்டுவந்த பண்டத்தைக் குறைவின்றி இறக்கவும் இயலும்பொழுதே உண்டாகிறது. ஒரே வகைக் கலத்துக்கு மட்டும் இடங்கொடுக்கும் துறை எத்துணை ஆழமுடையதாயினும் பயன் சிறிதே.

எழுத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஒருவர் எழுதியதை, அவரை அறியாத இன்னொருவர், வேறோர் ஊரில், வேறோர் காலத்தில் படிக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். கையெழுத்திலும் அச்செழுத்திலும் தமிழ் இப்பேற்றினை நெடுங்காலமாகப் பெற்றிருந்தது. கணினியும் இணையமும் வந்தபொழுது, வியக்கத்தக்க வகையில், சில ஆண்டுகள் அதனை இழந்து நின்றது. இழந்ததை மீட்டுத் தந்தவர்கள் வலைத்தளம் அமைக்கும் தொழிலறிந்த சிலர். அவர்களுள் ஒருவருடைய வாழ்வையும் திறனையும் பற்றியே இக்கட்டுரை பேச முற்படுகிறது.

வலைத்தளம் அமைத்தல் இன்று நம் நகரத்து இளைஞருக்குப் புதிய தொழிலன்று. கோணேசபுரியில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே கணினி அறிவியல் கற்பிக்கப்படுகிறது. இத்தொழிலில் முதிர்ந்த ஒருவர் வேலைக்காகத் தம் தகைமைகளை வரிசைப்படுத்தும்பொழுது, எத்தனை ஆண்டு அனுபவம், எந்தெந்த நிறுவனம், எந்தெந்தக் கணினி மொழி என்றெல்லாம் பக்கத்தை நிரப்புவார். கடைசியில், இடம் எஞ்சியிருந்தால், 'பொழுதுபோக்கு' என்று ஒரு வரி எழுதுவார். வேலை கொடுப்போர் அவ்வரியைப் பெரும்பாலும் படிப்பதில்லை. ஆனால் தமிழ் இணையத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நிலைத்து நின்ற பணிகளிற் பல அந்தக் கடைசி வரியிலிருந்தே பிறந்தன என்பது தெரியவரும்.

பாக்கு நீரிணையின் மறுகரையில், பழைய தஞ்சை மாவட்டத்தின் கடலோரத்தில், அதிராம்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. உப்பளங்களும் மீன்பிடியும் உடைய பட்டினம் அது. அங்கே 1953 ஆம் ஆண்டு பிறந்தவர் உமர் தம்பி. கடற்கரையூர்களின் இளைஞர் பலரைப் போலவே அவரும் பிழைப்புக்காக வளைகுடாவுக்குச் சென்றார். டுபாயிற் பல ஆண்டுகள் பணியாற்றி, பின்பு ஊர் திரும்பினார். ஒரு குடும்பத்தைக் காப்பதற்கான தொழில்வாழ்வு, அவ்வளவே. ஆனால் அத்தொழிலுக்கு வெளியே கிடைத்த பொழுதுகளில் அவர் செய்தவை தமிழ் வழங்கும் நாடுகள் யாவற்றுக்கும் உரியவையாயின.

அவர் செய்ததன் அருமை விளங்கவேண்டுமாயின், அக்காலத்தில் தமிழெழுத்து எந்நிலையில் இருந்தது என்பதை அறிதல் வேண்டும். நம் நாட்டிற் பெருவழக்கில் இருந்த பாமினி என்னும் எழுத்துருவையே எடுத்துக்கொள்வோம். பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பைத் தழுவியது அது. ஆதலால் தட்டச்சிற் பழகிய கைகளுக்கு எளிதாயிற்று. அச்சகங்களும் அலுவலகங்களும் பாடசாலைகளும் அதனை விரும்பி ஏற்றன. 'திருகோணமலை' என்று அதில் ஒருவர் எழுதினால், திரையில் நம் ஊரின் பெயர் அழகாகவே தோன்றும். ஆனால் கணினியின் நினைவில் பதிவது தமிழன்று. ஜே, பி, யூ, என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்ற பத்து ஆங்கில எழுத்துகளே அங்கே பதிகின்றன. பாமினி எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது.

நம் நாட்டுக்கூத்தைக் கண்டு பழகியவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. முடியும் உடுப்பும் தரித்துக் களரியில் நிற்கும்வரை அவன் அரசன். அவற்றைக் களைந்துவிட்டால் அயல்வீட்டு மனிதன். பாமினி எழுத்துரு இல்லாத ஒரு கணினிக்கு அக்கோப்பு சென்று சேருமாயின், வேடம் கலைந்துவிடும். திருகோணமலை இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் பத்து நிற்கும். வேறொரு தமிழ் எழுத்துருவை அணிவித்தாலும் பயனில்லை. ஏனெனில் ஒவ்வோர் எழுத்துருவும் தன் மனம்போன போக்கில் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஒவ்வொரு பத்திரிகையின் இணையத்தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு, 'முதலில் இதனை இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள்' என்று வாசகரை வாயிலிலேயே நிறுத்திற்று.

இக்குழப்பத்துக்கு மருந்தாக வந்தது ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் இந்த ஏற்பாட்டின் முதற்பதிப்பு 1991 இல் வெளிவந்தது. தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி அதில் ஒதுக்கப்பட்டது. அதன்படி ககரத்துக்கு 2965 என்பது எண். அது சென்னையிலும் 2965; திருகோணமலையிலும் 2965; டொராண்டோவிலும் அதுவே. எழுத்தின் வடிவம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறலாம். எழுத்து இன்னது என்பதில் ஐயம் எழாது. வேடத்தை நம்பாமல், ஆளையே அறியும் முறை இது.

மருந்து உண்டாயிற்று, ஆனால் நோயாளிக்குச் சென்று சேரவில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 2000 என்னும் பதிப்பே ஒருங்குறித் தமிழுக்கு இடமளித்த அவர்களது முதல் இயங்குதளம். நம் மக்களிற் பலர் வீட்டிலும், கூலி கொடுத்து இணையம் பார்க்கும் நிலையங்களிலும் அதற்கு முந்திய கணினிகளையே கொண்டிருந்தனர். ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கத்தை அவற்றில் திறந்தால், எழுத்துக்குப் பதிலாக வெறுங்கட்டங்கள் வரிசையாகத் தோன்றின. ஆகவே எழுதுவோர் ஒருங்குறிக்கு மாற அஞ்சினர். எழுதுவோர் மாறாதபொழுது படிப்போர் ஏன் மாறவேண்டும்? இந்த முட்டுச்சந்தில் வந்து நின்றவரே உமர் தம்பி.

அவர் கையாண்ட வழி இயங்கு எழுத்துரு என்பது. எழுத்துருவை வாசகர் தேடி நிறுவவேண்டாம். பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்தே பயணம் செய்யட்டும் என்பது அதன் உட்கருத்து. வழியிற் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சி, கட்டுச்சோற்றோடு புறப்படும் யாத்திரிகரை இதற்கு உவமை கூறலாம். இந்த ஏற்பாட்டுக்கான வசதி 1997 இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியின் நான்காம் பதிப்பிலேயே இருந்தது. உமர் தம்பி தாம் அமைத்த தேனீ என்னும் ஒருங்குறி எழுத்துருவை இவ்வாறு பக்கத்தோடு செல்லத்தக்க கோப்பாக்கி, வேண்டியவர் யாவரும் தத்தம் தளத்தில் இணைத்துக்கொள்ளும்படி இலவசமாக வழங்கினார். வலைப்பூ எழுதத் தொடங்கியிருந்த தமிழர் பலர் அதனை எடுத்தாண்டனர். வெறுங்கட்டங்கள் எழுத்துகளாயின.

இதில் ஒரு குறையும் இருந்தது. அவ்வொரு நிறுவனத்து உலாவியைத் தவிர மற்றவற்றில் அக்கோப்பு இயங்கவில்லை. ஆயினும் அன்று பெரும்பாலோர் கையில் இருந்தது அந்த உலாவியே. முழுமையான வழி பிறக்கும்வரை மக்களைக் காத்திருக்கச் சொல்லாமல், கையில் உள்ளதைக்கொண்டு அன்றைய இடரைத் தீர்த்தது அவருடைய தொழில்முதிர்ச்சி. இன்றைய உலாவிகள் யாவும் எழுத்துருவைப் பக்கத்தோடு கொண்டுவரும் வல்லமை பெற்றுவிட்டன.

தேனீயோடு அவர் நின்றுவிடவில்லை. வைகை என மேலும் ஓர் எழுத்துருவைத் தந்தார். தமிழ் விசைப்பலகை அறியாதோர், ஆங்கில எழுத்துகளால் ஒலியைத் தட்டினால் தமிழாக விரியும் எழுதுகருவி ஒன்றையும் ஆக்கினார். ஒரு தளத்திற் புதிதாக வெளிவருவனவற்றைப் பிற தளங்களுக்கு அறிவிக்கும் செய்தியோடையை அமைப்பதற்கும் கருவி செய்தார். இவை ஒவ்வொன்றின் பின்னும் ஓர் இடர்ப்பட்ட வாசகன் அல்லது எழுத்தாளன் நிற்கிறான் என்பதைக் கவனித்தல் வேண்டும். படிக்க முடியாதவனுக்கு எழுத்துரு. எழுதத் தெரியாதவனுக்கு எழுதுகருவி. எழுதியும் பிறர் அறியாது கிடந்தவனுக்குச் செய்தியோடை.

ஒரு வலைத்தள வல்லுநருக்கு வேண்டிய திறன்கள் யாவை என்று கேட்போர்க்கு இதுவே விடையாகும். கணினியின் இயல்பை அறிதல் முதலாவது. அதனைக் கல்லூரியிற் கற்கலாம். தாம் கையாளும் மொழியின் எழுத்திலக்கணத்தை அறிதல் இரண்டாவது. உயிர்மெய் எவ்வாறு ஆகிறது, ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னே நின்றாலும் ஒலியிற் பின்னே வருவது ஏன் என்பதை உணராதவர் தமிழுக்கு எழுத்துரு அமைக்க இயலாது. பழைய கணினியும் மெதுவான இணைப்புமாக இருக்கும் வாசகனுடைய நிலையைத் தம் நிலையாக எண்ணிப் பார்த்தல் மூன்றாவது. எந்தத் தகைமைப் பத்திரத்திலும் இது எழுதப்படுவதில்லை. உமர் தம்பியிடம் இம்மூன்றும் ஒருங்கே இருந்தன.

2006 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில், அவர் மறைந்தார். 2010 ஜூன் மாதம் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபொழுது, அதனோடு இணைந்து நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் அரங்கொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் கொடுத்தவற்றுட் பல இன்று தேவையற்றனவாகிவிட்டன. கைத்தொலைபேசியை வாங்கும்பொழுதே அதனுள் தமிழெழுத்து இருக்கிறது. பாலம் கட்டிய பின் ஓடம் தேவையில்லை. ஆயினும் பாலமில்லாத நாளில் ஆற்றைக் கடந்தவர்கள் ஓடக்காரனை மறப்பது முறையாகுமா?

உமர் தம்பி இவ்வகையில் தனித்தவரல்லர். சிங்கப்பூரில் 1995 ஒக்டோபரிலேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் தோன்றச் செய்த நா. கோவிந்தசாமி, சிறுகதையாசிரியர், ஆசிரியர்களைப் பயிற்றும் விரிவுரையாளர். 1998 பொங்கல் நாளில் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம், சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் இரசாயனவியல் ஆய்வாளர். 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்டு வளர்த்த இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்; வளைகுடா நாட்டிற் பணிபுரிந்தவர். பாமினி முதலிய பழைய குறியீடுகளை ஒருங்குறியாக மாற்றும் 'பொங்குதமிழ்' என்னும் கருவியை அளித்த சுரதா யாழ்வாணன், புலம்பெயர்ந்து வாழும் ஈழத்தமிழர். தொழில் ஒன்று, விருப்பம் ஒன்று என வாழ்ந்த இவர்கள், விருப்பத்துக்குச் செலவிட்ட மாலைப்பொழுதுகளின் பயனையே நாம் இன்று நுகர்கிறோம்.

இத்தகைய வாழ்வு திருகோணமலைக்குப் புதியதுமன்று. இவ்வூரிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் நூலகராகப் பணியாற்றினார். பணிக்கு வெளியே அவர் எழுதி 1895 இல் வெளியிட்ட 'மோகனாங்கி', தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் பலராலும் போற்றப்படுகிறது. அவருக்கு முன்னரும் நம் ஊரின் நினைவைக் காத்தவர்கள் இருந்தனர். 'கோணேசர் கல்வெட்டு' எனப் பெயர்பெற்ற நூல், பெயரில் கல்வெட்டாயினும், உண்மையில் ஏட்டில் வாழ்ந்த நூல். கவிராசவரோதயர் பாடிய அந்நூல் நம் கைக்கு எட்டியிருப்பதற்குக் காரணம், செல்லரிக்கும் முன் ஏட்டைப் பெயர்த்தெழுதிய பெயரறியாத கைகள். கோட்டைகள் கைமாறின, போத்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்து போயினர், கடற்படைத் தளத்தையும் 1957 இல் ஆங்கிலேயர் விட்டுச் சென்றனர். ஏடு பெயர்த்தெழுதியவனின் பணியோ இன்னும் நம்மிடம் இருக்கிறது.

இன்றைய ஏடு எது? கோயில் விழா மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், சனசமூக நிலைய அறிக்கைகள், மறைந்தோர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டு நூல்கள், ஊர்ப் புலவர்களின் கவிதைத் தொகுதிகள் ஆகியவையே. போர்க்காலத்திலும், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையிலும் நம் கரையோர இல்லங்கள் இத்தகைய தாள்களை எவ்வளவோ இழந்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரியுண்டதைத் தமிழுலகம் மறக்கவில்லை. அந்த இழப்பின் நினைவோடு 2005 இல் தோன்றிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடி இணையத்தில் ஏற்றி வருகிறது. அது பெரும்பணி. ஆயினும் தாளில் உள்ளதை மட்டுமே ஒளிவருட முடியும். தாளும் அழிந்து, அச்சகத்தார் வைத்திருந்த பிளொப்பித் தட்டிலும் இறுவட்டிலும் பாமினிக் கோப்பாக மட்டும் எஞ்சியிருப்பவற்றை யார் மீட்பார்?

மாற்றும் கருவிதான் இருக்கிறதே, ஒரு நொடியில் மாற்றிவிடலாமே என்று சிலர் கூறுவர். அது முழுதும் சரியன்று. பாமினியில் எழுதியோர் கண்ணுக்குத் தோன்றும் வடிவத்தையே கருதினர். புள்ளியிட்ட ரகரத்தை எழுத வேண்டிய இடத்தில், ஆகாரத்தைக் குறிக்கும் காலை இட்டு, அதன்மேற் புள்ளி வைத்தனர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அது ரகரமன்று, புள்ளி வைத்த கால். மாற்றும் கருவி இதனை உணரும்படி அமைக்கப்படாவிடின், ஒருங்குறிக்கு மாறிய பின்னும் அப்பிழை உள்ளே ஒளிந்திருக்கும். 'ஆசிரியர்', 'தலைவர்', 'புலவர்' என்று தேடுவோனுக்கு அப்பக்கங்கள் அகப்படா. நூல் இணையத்தில் இருக்கும், தேடினாற் கிடைக்காது. தம் பாட்டனார் எழுதிய வாழ்த்துப்பாவை அவர் பெயர் சொல்லித் தேடும் பேரப்பிள்ளைக்கு, அப்படி ஒன்று எழுதப்படவேயில்லை என்றே தோன்றும்.

இத்தகைய பிழையைக் கண்டறிய வேண்டிய அறிவு மிகவுயர்ந்த அறிவன்று. கணினியும் தெரிந்து, தமிழெழுத்தும் தெரிந்து, பொறுமையும் உள்ள ஒருவருக்கு வாரத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். கொழும்புக்கோ டுபாய்க்கோ தொழில் தேடிச் செல்லும் நம் இளைஞரிடம் இது எளிதாக எதிர்பார்க்கத்தக்கதே. உமர் தம்பியும் தொழில் தேடிக் கடல் கடந்தவரே. ஊரை விட்டுச் சென்றவர்கள் ஊரின் எழுத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

தமிழிலேயே இணைய முகவரி எழுதும் வசதியும் நமக்கு வந்திருக்கிறது, '.இலங்கை' என்று முடியும் முகவரிக்கு 2010 இல் இசைவு கிடைத்தது. வாயிற்பலகை தமிழில் எழுதப்பட்டாயிற்று. உள்ளே வைக்க வேண்டிய பொருளைத் தேடிச் சேர்ப்பது நம்முடைய கடமை. நம் ஊரின் அச்சகங்களிலும் வாசிகசாலைகளிலும் கோயில் அலுவலகங்களிலும் பழைய கணினிகள் தூசி படிந்து கிடக்கின்றன. அவை பழுதாகி எறியப்படுவதற்கு முன், அவற்றினுள் இருக்கும் தமிழை வெளியே எடுத்தல் வேண்டும். இப்பணிக்கு முன்வரும் வல்லுநர் ஒருவர் தம் தகைமைகளை எழுதும்பொழுது, கடைசி வரியைச் சற்று விரித்தே எழுதலாம்.